தாவர ஓவியமும் ஆசிரிய மரபும் – ஒரு விமர்சன நோக்கு

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களைப் பெயர் சுட்டி அடுக்கிச் செல்வதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். சங்கப் புலவரின் இயற்கை அவதானிப்புக்குச் சான்றாக அப்பகுதி எத்தனையோ கட்டுரைகளில் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆயின், அப்பெயர்கள் ஒவ்வொன்றும் எந்தச் செடியைக் குறித்தன என்ற வினா எழும்போது, உரையாசிரியரும் அகராதியாசிரியரும் தாவரவியலாளரும் ஒருமித்த விடை கூறுவதில்லை. மென்மைக்கு எல்லையாகப் புலவர்கள் கொண்டாடிய அனிச்சம் எது என்பது இன்றும் வாதத்திற்குரியதாகவே உள்ளது. சொல் நிலைத்துவிட்டது, அச்சொல் சுட்டிய பொருள் கைநழுவிவிட்டது. பெயரைப் பேணிய மரபு உருவைப் பேணவில்லை என்பதே இதன் பொருளாகும்.

ஒரு செடியை உள்ளவாறு கண்டு, கண்டவாறு பதிவுசெய்யும் ஆற்றல் எவருக்கும் பிறப்பால் வாய்ப்பதன்று. அது கற்றுப் பெறப்படுவது. தோட்டக்கலை, தாவர ஓவியம், தாவர ஒளிப்படம் ஆகிய மூன்றும் அவ்வாற்றலைப் பயிற்றும் துறைகளாம். இன்று பிரித்தானியாவில் கியூ, எடின்பரோ முதலிய இடங்களிலுள்ள தாவரவியற் பூங்காக்கள், துறைபோந்த ஆசிரியர்களைக் கொண்டு பொதுமக்களுக்கு இத்தகைய பயிற்சிநெறிகளை நடத்தி வருகின்றன. இவற்றை வசதி படைத்தோரின் ஓய்வுநேர இன்பம் என ஒதுக்குவோர் ஒருபுறம். கையிலே கமரா இருக்கும்போது தூரிகை எதற்கு எனக் கேட்போர் மறுபுறம். இவ்விரு கருத்துக்களும் ஒரே தவற்றிலிருந்து பிறப்பவை. காண்பது எளிது, பதிவதே கடினம் என்ற எண்ணமே அத்தவறு. இத்துறைகளிற் கற்றல் என்பது யாது, கற்பித்தவர் யார், கற்றவரின் பெயர் எங்கே நின்றது என்னும் வினாக்களைப் பேராதனை, சென்னை, பேர்லின் ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றைக் கொண்டு நோக்கும்போது அத்தவறு தெளிவாகும்.

முதலிலே தாவர ஓவியம் எத்தகைய கலை என்பது ஆராயப்படல் வேண்டும். படவரைஞர் முன் வைக்கப்படுவது ஒரு கிளை. அதன் இலைகளுள் ஒன்றைப் பூச்சி அரித்திருக்கும்; மற்றொன்று வெயிலிற் சுருண்டிருக்கும்; பூவின் ஓர் இதழ் வழியிலேயே உதிர்ந்திருக்கும். அவர் வரையவேண்டியது அந்தக் கிளையையன்று, அக்கிளை எந்த இனத்தைச் சேர்ந்ததோ அந்த இனத்தை. ஆகவே அரிக்கப்பட்ட இலையை அவர் முழுமையாக்குகிறார். இலையின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் ஒரே தாளிற் காட்டுகிறார். பூவை நெடுக்காக வெட்டிக் கேசரங்களின் எண்ணிக்கையையும் சூலகத்தின் இருப்பையும் பெருப்பித்துத் தருகிறார். ஆறு மாதங்களின் பின் முற்றும் காயைப் பூவின் பக்கத்திலேயே அமைக்கிறார். எனினும் இவற்றுள் எதையும் அவர் கற்பனை செய்ய உரிமையற்றவர். ஒரு நரம்பு கூடினாலும் ஒரு கேசரம் குறைந்தாலும் அவரது ஓவியம் பொய்யாகிவிடும்.

இலக்கிய விமர்சனம் பயின்றோர்க்கு இந்நிலை புதியதன்று. யதார்த்தவாத நாவலிலே வரும் வகைமாதிரியான பாத்திரம் தனிமனிதனாக இருந்துகொண்டே ஒரு வர்க்கத்தின் பண்புகளைத் திரட்டிக் காட்டுவது. கண்ணிற் பட்டதையெல்லாம் அவ்வாறே பெயர்த்தெழுதும் இயற்பண்புவாதத்தினின்று யதார்த்தவாதம் வேறுபடுவது இத்தெரிவினாலேயே. தாவர ஓவியமும் தனியனூடாக இனத்தைக் காட்டுகின்றது. எது நிலையானது, எது தற்செயலானது எனப் பிரித்தறியும் தெரிவு அதன் உயிர்நாடி. படவரைஞரை வெறும் பிரதியாளர் எனக் கூறும் விமர்சகர்கள் இத்தெரிவைக் காணத் தவறியவர்களேயாவர்.

இத்தெரிவின் பெறுமதிக்குத் தென்னையே தக்க உதாரணமாகும். ஓர் இனத்தின் விஞ்ஞானப் பெயர் எந்தச் சான்றோடு பிணைக்கப்பட்டுள்ளதோ அச்சான்றே அவ்வினத்தின் மூலமாதிரி எனப்படும். பெரும்பாலும் அது உலர்த்தப்பட்ட செடியாகவே இருக்கும். ஆனால் லின்னேயசு தென்னைக்கு இட்ட பெயருக்கு மூலமாதிரியாக 1979ஆம் ஆண்டிலே தெரிவுசெய்யப்பட்டது உலர்த்தப்பட்ட ஓலையன்று. 1678ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலின் முதற் தொகுதியிலுள்ள ஓவியமேயாகும். மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒல்லாந்த ஆளுநர் வான் றீடே தொகுப்பித்த 12 தொகுதிகளைக் கொண்ட நூல் அது. வடபகுதியிலும் தென்பகுதியிலும் ஒவ்வொரு வளவிலும் நிற்கும் மரம், உலக விஞ்ஞானத்திலே ஓர் ஓவியரின் கோட்டைச் சான்றாகக் கொண்டு நிற்கின்றது. இவ்வோவியத்தை அழகுப் பொருள் என்றோ துணைப் படம் என்றோ கூறி ஒதுக்க முடியுமா?

இத்தகைய கண் எவ்வாறு பயிற்றப்படுகிறது? அதற்கு ஓர் ஆசிரியர் போதாது என்பதை வரலாறு காட்டுகிறது. பிரான்சிய மலரோவியர் றெடூற்றே, வன் ஸ்பெண்டொங்க் என்பவரிடம் வர்ணம் தீட்டக் கற்றார். பூவைப் பகுத்து அதன் உறுப்புக்களை நோக்கும் முறையை அவருக்குக் கற்பித்தவரோ லெரித்தியே என்னும் தாவரவியலாளர். முன்னவர் இன்றேல் அவரது கை பயின்றிராது. பின்னவர் இன்றேல் கண் பயின்றிராது. 1822ஆம் ஆண்டில் வன் ஸ்பெண்டொங்க் இறந்தபின், பாரிசு இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திலே ஓவியம் கற்பிக்கும் பொறுப்பு றெடூற்றேயிடம் வந்து சேர்ந்தது. பிரித்தானியாவிலே துணிகளுக்குக் கோல வடிவம் வரையும் தொழில் பயின்ற பிச் என்னும் இளைஞரைத் தாவர ஓவியராக்கியவர் வில்லியம் ஹூக்கர். அதே பிச் பிற்காலத்தில், 1869ஆம் ஆண்டிலே, தோட்டக்கலை வார இதழொன்றில் தாவரங்களை வரைவதற்கான பாடங்களைத் தொடராக எழுதினார். கற்றவர் கற்பிப்பவராக மாறும் இச்சங்கிலியே மரபு எனப்படுவது.

மூன்றாவது ஆசிரியர் ஒருவர் உண்டு; நூல்கள் அவரைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. அவரே தோட்டக்காரர். ஓவியருக்கு ஒரு செடியின் ஒரு நாளே தெரியும். தோட்டக்காரருக்கு அதன் ஆயுள் தெரியும். பலாக்கன்றின் முதலிலைகள் மடல்மடலாகப் பிளவுபட்டிருக்கும். வளர்ந்த மரத்தின் இலைகளோ பிளவின்றி முழுமையாயிருக்கும். நாற்றுமேடையைக் காணாதவர் இரண்டையும் வெவ்வேறு இனங்களென்றே வரைந்துவிடக்கூடும். தாளிப்பனை பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, மடிந்துபோகின்றது. அதன் பூவை வரைய விரும்பும் ஓவியர் எந்த மரம் எப்போது குருத்து மாறுகிறது என்பதை அறிந்த ஒருவரின் சொல்லையே நம்பியிருக்கவேண்டும். காலத்தைக் காணக் கற்பிப்பது தோட்டக்கலை. ஆகவே ஓவியம் பயில வருபவரை முதலில் மண்வெட்டி பிடிக்கச் செய்யும் ஆசிரியர் அவரது நேரத்தை வீணாக்குகிறார் எனக் கருதலாகாது.

இனிப் பேராதனைக்கு வருவோம். பேராதனையிலே தாவரவியற் பூங்கா 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவரால் அமைக்கப்பட்டது. ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்களக் கலைஞர் 1823ஆம் ஆண்டில் அங்கே படவரைஞராகச் சேர்ந்து 38 ஆண்டுகள் பணியாற்றினார். அவருக்குப்பின் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஜோர்ஜ், வில்லியம் ஆகியோரும் அப்பணியைத் தொடர்ந்தனர். 1880களில் மூன்று தொகுதிகளாக முற்றுப்பெற்ற மூரின் ‘இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள்’ பற்றிய பெருநூலுக்கு ஆதாரமான ஓவியங்கள் இவ்விருவரின் கைவண்ணமேயாகும். ஹென்றி திறைமன் 1893ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கி, அவரது மறைவின் பின் ஜோசப் ஹூக்கரால் 1900ஆம் ஆண்டில் நிறைவுசெய்யப்பட்ட ‘இலங்கைத் தாவரவளக் கைந்நூல்’ 100 ஓவியத் தகடுகளை உடையது. சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தரும் அந்நூல் இன்றும் பயன்படுகின்றது. அதன் ஓவியங்களும் இம்மரபின் பேறேயாம்.

இங்கே ஓர் எளிய கணக்கு நோக்கத்தக்கது. மூன் 1825ஆம் ஆண்டில் மறைந்தார். கார்ட்னர் 1844ஆம் ஆண்டில் வந்து 1849இல் இறந்தார். அவரை அடுத்து வந்தவர் துவைற்ஸ். மேலாளர்கள் மாறிக்கொண்டிருந்தனர், படவரைஞர் மாறவில்லை. கடல் கடந்து புதிதாக வந்த ஒவ்வொரு மேலாளரும் இந்நாட்டுச் செடிகளை முதன்முதலில் அடையாளங் காணும்போது, ஏற்கெனவே அவற்றை வரைந்து பழகிய ஒருவர் பக்கத்திலே இருந்தார். ஆசிரியர் ஐரோப்பியர், மாணவர் சுதேசி என்ற வழமையான சித்திரம் இவ்விடத்திலே தலைகீழாகின்றது. நுணுக்குக்காட்டியையும் பகுப்பு முறையையும் தாவரவியலாளர் கற்பித்திருப்பார். காட்டையும் பருவத்தையும் செடியின் நிற்கும் பாங்கையும் படவரைஞர் கற்பித்திருப்பார் எனக் கொள்வது தவறாகாது. ஆயின் நூலின் முகப்பிலே நின்ற பெயர் ஒருவருடையது மட்டுமே.

சென்னை மாகாணத்திலும் இதே நிலையைக் காணலாம். கிழக்கிந்தியக் கொம்பனியின் மருத்துவராகப் பணியாற்றிய றொபேட் வைற், ரங்கையா, கோவிந்து என்னும் இரு ஓவியர்களை ஒருவர் பின் ஒருவராக அமர்த்தினார். கல்லச்சு முறையைத் தாமே பழகி, 1838 முதல் 1853 வரை 6 தொகுதிகளில் 2101 தகடுகளைக் கொண்ட தென்னிந்தியத் தாவரப் படநூலை வெளியிட்டார். வைற்றுக்கு நன்றியுணர்வு இல்லாமலில்லை. ஓர் ஓர்க்கிட் சாதிக்குக் ‘கோவிந்தூயியா’ எனப் பெயரிட்டு அவர் தம் ஓவியரைக் கௌரவித்தார். ஆனால் அச்செடி முன்னரே பெயரிடப்பட்ட வேறொரு சாதிக்குள் அடங்குமெனப் பின்வந்தோர் கண்டனர். கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்த பெயர்களின் வரிசைக்குத் தள்ளப்பட்டது. இலங்கையிலும் ‘அல்விசியா’ என லிண்ட்லி ஓர் ஓர்க்கிட் சாதிக்கு இட்ட பெயர் அவ்வாறே மறைந்தது. ஒரு சளிப்பூஞ்சணச் சாதியின் பெயராக மட்டும் ‘அல்விசியா’ இன்றும் நின்று நிலவுகிறது. ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்புக்கு விஞ்ஞானம் எஞ்சவிட்ட அடையாளம் உளுத்த மரத்திலே வளரும் அச்சிற்றுயிரிலே தங்கியிருக்கின்றது.

ரங்கையா, கோவிந்து ஆகியோரின் மூல ஓவியங்களிற் பெருந்தொகையானவை எடின்பரோத் தாவரவியற் பூங்காவிலே பேணப்படுகின்றன. அவ்வோவியங்களை ஆராய்ந்து ஹென்றி நோல்ற்றி எழுதிய நூல் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே இரு ஓவியர்களின் பெயர்களும் வைற்றின் பெயரோடு இடம்பெற்றுள்ளன. தாமதமாக வந்த நீதியெனினும் அது நீதியே. தாவர ஓவியம் பயில விரும்புவோர் இன்று கட்டணம் செலுத்திச் சென்று கற்கும் அதே நிறுவனத்தின் பேழைகளிலே, தம் பெயரை உலகறியச் செய்ய வாய்ப்பற்றிருந்த இரு சென்னைக் கலைஞரின் தாள்கள் உள்ளன என்பது சிந்திக்கத்தக்கது. அத்தாள்களை மாணவரின் முன் விரித்து, இவர்களும் உமக்கு ஆசிரியர்களே என்று கூறும் பயிற்சியே நேர்மையான பயிற்சியாகும்.

ஆசிரியரின்றியே இக்கலையில் உயர்ந்தோர் இலரோ என்ற ஆட்சேபம் இங்கே எழலாம். மரியன் நோர்த் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஒழுங்கான பயிற்சி அதிகம் பெற்றவரல்லர். சிற்சில பாடங்களே கேட்ட அவர், உலகெங்கும் பயணஞ் செய்து 800க்கு மேற்பட்ட எண்ணெய் வர்ண ஓவியங்களைத் தீட்டினார். அவை 1882ஆம் ஆண்டு முதல் கியூவிலே தனி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளன. 1877ஆம் ஆண்டில் களுத்துறையிலே அவரைப் படம் பிடித்தவர் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் யூலியா மாகிரற் கமரன். நோர்த்தின் ஓவியங்களிலே செடி தான் நிற்கும் மண்ணோடும் வானத்தோடும் காட்சியளிக்கும். அது பெருஞ் சிறப்பு. ஆயினும் அவற்றிலே பூவின் உள்ளுறுப்புக்கள் பகுத்துக் காட்டப்படுவதில்லை. சரவாக்கில் அவர் தீட்டிய கெண்டித் தாவரம் ஒன்று புதிய இனமென ஐயுறப்பட்டது. ஆனால் சேகரிப்பாளர் ஒருவர் அச்செடியையே தேடிக் கொணர்ந்த பின்னரே 1881ஆம் ஆண்டில் ஹூக்கர் அதனை விபரித்து நோர்த்தின் பெயரை அதற்குச் சூட்ட முடிந்தது. தனித்துக் கற்ற கண் புதியதைக் காணும். அதனை மெய்ப்பிக்கும் திறன் பயிற்சியினாலேயே வரும். இவ்வுதாரணம் ஆசிரியரின் தேவையை மறுப்பதன்று, வரையறுப்பதேயாகும்.

ஒளிப்படம் ஓவியத்தை வேண்டாததாக்கிவிட்டது என்ற கருத்தை அடுத்து நோக்கலாம். காள் புளொஸ்பெல்ற் என்னும் ஜெர்மானியரின் தாவர ஒளிப்பட நூல் 1928ஆம் ஆண்டில் வெளிவந்தபோது பெரும் வரவேற்பைப் பெற்றது. வோல்ற்றர் பெஞ்சமின் போன்ற விமர்சகரே அதனைப் பாராட்டி எழுதினார். மொட்டும் தண்டும் சுருள் தளிரும் பன்மடங்கு பெருப்பிக்கப்பட்டு, வார்ப்பிரும்புத் தூண்களும் கோபுரங்களும் போல அந்நூலிற் காட்சி தருகின்றன. ஆனால் அப்படங்கள் நூலுக்காக எடுக்கப்பட்டவையல்ல. உரோமாபுரியிலே மொய்றர் என்னும் ஓவிய ஆசிரியரிடம் உதவியாளராக இருந்து, வரைதற் கல்விக்கான தாவர மாதிரிகளைச் செய்யப் பழகியவர் புளொஸ்பெல்ற். 1898ஆம் ஆண்டு முதல் பேர்லினிலே கலை மாணவர்க்குத் தாவரங்களைப் பார்த்து உருவமைக்கக் கற்பித்த அவர், வகுப்பறைக்கான கற்பித்தற் சாதனமாகவே அப்படங்களைப் பல்லாண்டுகளாக எடுத்தார். கமரா அங்கே ஓவியத்தின் எதிரியாக வரவில்லை. ஓவிய ஆசிரியரின் சுட்டுகோலாகவே வந்தது.

மேலும், படம் பிடிக்கும் முன் வேண்டாத இலைகளையும் காம்புகளையும் அவர் கத்தரித்து நீக்கினார்; வெற்றுப் பின்னணியிலே செடியை நிறுத்தினார். அதாவது படவரைஞர் தாளிற் செய்யும் தெரிவை அவர் கத்தரிக்கோலாற் செய்தார். ஒளிப்படம் இயந்திரத்தின் நடுநிலையான சாட்சியம் என்ற நம்பிக்கை இதனால் உடைந்துபோகின்றது. ஆயின் அவரது முறையிலும் ஓர் இழப்பு உண்டு. வேரில்லை, மண்ணில்லை, ஊரில்லை. செடி உயிரினமாக அன்றி அலங்கார வடிவமாகவே எஞ்சுகின்றது. நோர்த் காட்டிய சூழலைப் புளொஸ்பெல்ற் நீக்கினார். புளொஸ்பெல்ற் காட்டிய கட்டமைப்பை நோர்த் காணவில்லை. அல்விஸ் குடும்பத்தாரும் ரங்கையாவும் கோவிந்துவும் காட்டிய உள்ளுறுப்பு இவ்விருவரிடத்தும் இல்லை. ஒரு கலை மற்றொன்றை ஒழித்துவிட்டது என்பதிலும், ஒவ்வொன்றும் மற்றையதன் குருட்டுப் பகுதியைச் சுட்டுகிறது என்பதே பொருத்தமானது.

இன்று கைத்தொலைபேசியுள்ள ஒவ்வொருவரும் பூவைப் படம் பிடிக்கின்றனர். படங்கள் பெருகியுள்ளன, பார்வை பெருகியுள்ளதா என்பது வேறு வினா. படம் எடுத்தவரிடம் அப்பூவிற்கு எத்தனை கேசரங்கள், இலை எதிரெதிராக அமைந்ததா மாறிமாறி அமைந்ததா எனக் கேட்டால் அவர் மீண்டும் படத்தையே பார்க்க நேர்கிறது. பெரும்பாலும் படத்திலும் விடை இருக்காது. கேட்கவேண்டியதென அறியாத வினாவுக்குக் கமரா விடை பதிவதில்லை. வரைபவரோ அவ்வினாவைத் தீர்க்காமல் அடுத்த கோட்டை இட முடியாது. வரைதலின் கல்விப் பயன் இக்கட்டாயத்திலேயே உள்ளது. ஆசிரியரின் பணியும் இதுவே. மாணவரின் தாளைப் பாராட்டுவதன்று, ‘இந்த நரம்பு இங்கே முடிகிறதா? செடியைத் திரும்பப் பாரும்’ என்று கூறி அவரை மீண்டும் செடியிடம் அனுப்புவதே அவர் செய்யவேண்டியது.

இந்த அளவுகோலைக் கொண்டே இத்தகைய பயிற்சிகள் மதிப்பிடப்படல் வேண்டும். பயின்றவர் முடிவிலே ஓர் அழகிய தாளோடு வெளியேறுகிறாரா, அன்றித் தம் பிழையைத் தாமே காணும் கண்ணோடு வெளியேறுகிறாரா? முன்னதை மட்டும் தருவது பொழுதுபோக்கு. பின்னதைத் தருவது கல்வி. வரையப்பட்ட தாளிலே இடமும் நாளும், செடியை வளர்த்தவர் பெயரும், வரைந்தவர் பெயரும் பதியப்படுகின்றனவா என்பது அடுத்த வினா. ஹர்மானிஸ் முதலியோர்க்கு மறுக்கப்பட்டதை இனி வருவோர்க்கும் மறுக்கலாகாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற்கும் தாவரவியற் பூங்காவிற்கும் இடையிலான தூரம் சிறிது. ஆயினும் விஞ்ஞான பீடத்து மாணவர் செய்முறைக் கொப்பியிலே பூவின் வெட்டுமுகத்தை வரைகின்றனர். அது கலையென எவரும் அவர்க்குக் கூறுவதில்லை. கலைப் பீடத்து மாணவர் குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலை மனனஞ் செய்கின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் கையிலெடுத்து வரைந்து பார்க்குமாறு எவரும் அவரைக் கேட்பதில்லை. சொல்லைக் கற்றோரும் உருவைக் கற்றோரும் தனித்தனியே அமர்ந்திருக்கும் வரை, அனிச்சம் எது என்ற வினா தீராது. அதனினும் கவலைக்குரியது வேறொன்றுண்டு. இன்று தமிழில் வழங்கும் செடிப் பெயர்களுட் பலவும் அவ்வாறே வெறுஞ் சொற்களாகிவிடக்கூடும். ஊரிலே ஒரு செடியின் பெயரை அறிந்த முதியவர் ஒருவர், அதனை வளர்க்கத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர், வரையப் பழகிய மாணவர் ஒருவர் – இம்மூவரும் ஒரு செடியின் முன் ஒருநாட் காலை அமர்ந்தால், ஒரு பெயராவது அதன் உருவத்தோடு காப்பாற்றப்படும். அத்தாளின் அடியிலே மூவரின் பெயர்களும் எழுதப்படல் வேண்டும்.